பேய் வீடு என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் அனுப்பும் படங்களை விடாமல் பார்க்கிறவன் நான். அண்மையில் எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடு ஒன்றின் படம் அதில் வந்திருந்தது. இடிந்த முகப்பு, சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த அரசங்கன்று, திறந்து கிடக்கும் வாசலுக்குள் ஒரே இருட்டு. கீழே ஒரு வரி: 'பேய் உலவும் பழங்கால பங்களா'. எந்த ஊர், யார் கட்டியது, ஏன் பூட்டிக் கிடக்கிறது, ஒன்றும் இல்லை. எடுத்தவருக்கு நல்ல கண் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வரி மனசைப் போட்டு அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் காரைக்குடியில் ஸ்டுடியோ நடத்தி ஓய்வுபெற்றவன். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), காதுகுத்து என்று சுற்றுவட்டாரம் முழுக்க கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இந்தப் பெரிய வீடுகளைக் கட்டிய வணிகச் சமூகம் நகரத்தார். நகரத்தார் கல்யாணம் என்றால் அப்போதெல்லாம் வீட்டிலேயேதான். முகப்பில் நாதஸ்வரம், முற்றத்தைச் சுற்றிய வளவில் சடங்கு, இரண்டாங்கட்டில் பந்தி, பின்கட்டில் கோட்டை அடுப்பு. இன்று 'பாழடைந்த வீடு' என்று படம் எடுக்கிறார்களே, அவற்றில் சில வீடுகளை விளக்கெரிந்த காலத்திலேயே நான் படம் எடுத்திருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன். பழைய வீடுகளைத் தேடிக் கேமராவோடு வருகிற பிள்ளைகள் வரட்டும், இன்னும் நிறையப் பேர் வரட்டும். ஆனால் பாழை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வீட்டை எடுங்கள். முழுசாக எடுங்கள், கேட்டு எடுங்கள், எது என்ன என்று எழுதி வையுங்கள். பல வீடுகளுக்கு இனிமேல் மிஞ்சப்போவது இந்தப் படங்கள்தான்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிற எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள்தான் செட்டிநாடு. பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 1850க்குப் பிறகு ஒரு நூறு வருஷத்துக்குள் எழுந்தவை. பர்மா, சிலோன், மலேயா, சைகோன் என்று கடல் கடந்து நடந்த கொடுக்கல் வாங்கலில் வந்த காசு அது. பர்மாவிலிருந்து தேக்கு வந்தது, இத்தாலியிலிருந்து சலவைக்கல், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி, ஜப்பானிலிருந்து பூப்போட்ட சுவர்க்கல். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். பலர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்து நிலத்தை அரசுடைமையாக்கச் சட்டம் போட்டதும், அங்கே இருந்த வயல்களும் கைவிட்டுப் போயின. வீட்டைக் கட்டிய வருமானம் நின்றது. வீடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அதற்கப்புறம் பங்கு. தாத்தா காலத்தில் நான்கு பேருக்குச் சொந்தமான வீடு பேரன் காலத்தில் ஐம்பது பேருக்குச் சொந்தமாகிவிடும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. விற்க வேண்டுமானால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நாலு ஓடு மாற்ற வேண்டுமானாலும் அத்தனை பேரிடமும் கேட்டுக் காசு சேர்க்க வேண்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் அது தனி வீடும் இல்லை. இப்படித்தான் பூட்டு விழுகிறது.

பூட்டிய வீடு சாவதற்குப் பேய் தேவையில்லை, ஓர் ஓடு உடைந்தால் போதும். முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கூரை உள்பக்கம் சரிந்து இறங்கும். இரண்டு சரிவு சேர்கிற கூடல்வாய் வழியாகத்தான் மழைத் தண்ணீர் மொத்தமும் முற்றத்துக்கு வரும். குடியிருந்தவரை கோடையிலேயே ஆள் ஏறி அங்கே ஓடு பார்த்துவிடுவான். பூட்டிய வீட்டில் யார் ஏறுவது? குரங்கு ஒன்று தாவினால் ஓர் ஓடு நகரும். அந்த ஐப்பசியில் தண்ணீர் கூரையின் மரச்சட்டத்தில் இறங்கும். தேக்கு என்றாலும் எத்தனை மழைக்குத் தாங்கும்? சட்டம் உளுத்தால் கூரை சரியும். கூரை சரிந்தால் சுண்ணாம்புச் சுவர் நனையும். நனைந்த இடத்தில் காக்கை போட்ட அரச விதை முளைக்கும். படத்தில் அவ்வளவு அழகாகத் தெரிந்த அந்த அரசங்கன்று, இந்த வரிசையில் கடைசியாக வந்த ஆள்.

இனி படம் எடுக்கும் சங்கதிக்கு வருகிறேன்.

இங்கே வருகிறவர்கள் எடுக்கிற படங்களைப் பார்த்திருக்கிறேன். முகப்பு, முற்றத்துத் தூண் வரிசை, கீழே உதிர்ந்து கிடக்கும் காரை, ஒரு பழைய பூட்டு. பெரும்பாலும் இவ்வளவுதான். பின்கட்டுக்கு யாரும் போவதில்லை. போனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கரி படிந்த சுவர், வௌவால் நாற்றம், தரையில் உடைந்த சட்டி, இதில் என்ன படம் என்று நினைக்கிறார்கள்.

நான் சொல்கிறேன், அந்த வீட்டின் கதை மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. நகரத்தாரில் மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வேறு வைத்துவிடுவார்கள். வேறு என்றால் வேறு வீடு கிடையாது. அதே கூரை, அதே முகப்பு, அதே வளவு. ஆனால் அரிசி தனி, கணக்குத் தனி, அடுப்பும் தனி. அதனால் பின்கட்டில் ஒரே வரிசையில் அடுப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே சுவரில் ஒரு மாடம், பக்கத்தில் ஓர் அம்மி, புகை போக மேலே ஒரு துவாரம். நான் பார்த்த ஒரு வீட்டில் வரிசையின் முதல் இரண்டு அடுப்புக்கு மேலேதான் சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. தள்ளிப் போகப் போகக் கருப்பு குறைந்து, கடைசி அடுப்புக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தது. கடைசி மகன் சீக்கிரமே வெளியூர் போய்விட்டானோ, அவன் மனைவி அங்கே அதிக நாள் சமைக்கவே இல்லையோ! எந்த ஆவணத்திலும் எழுதாததைச் சுவர் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரிசை முழுவதும் ஒரே படத்தில் விழும்படி, ஓர் ஓரத்தில் நின்று ஒரு படம், பிறகு ஒவ்வோர் அடுப்புக்கும் நேரே நின்று ஒரு படம். இதை எடுத்தவர் யாராவது இருந்தால் அவருக்கு என் வணக்கம்.

அதே வீட்டில் அடுப்படிக் கதவுக்குப் பின்னால், கதவை மூடினால்தான் தெரியும் இடத்தில், கரித்துண்டால் போட்ட பால் கணக்கு இருந்தது. சின்னச் சின்னக் கோடுகள். காலைக்கு ஒரு கோடு, மாலைக்கு ஒரு கோடு போலிருக்கிறது. மாசம் முடிந்த இடத்தில் குறுக்கே ஓர் அடி, பக்கத்தில் தமிழ் எண்ணில் தொகை. ஒரு மாதத்தில் நடுவே சில நாட்களுக்குக் கோடே இல்லை. வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்களோ, மாடு வற்றிவிட்டதோ. சுவரில் கைபட்டால் கரி அழிந்துவிடும். சுண்ணாம்பு அடித்தால் அதோடு போச்சு. இதை எடுக்க பெரிய கேமரா வேண்டாம். டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், நேரே பார்த்தால் தெரியாத கோடுகூடத் தெரியும். கையிலிருக்கிற செல்போனே போதும்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் தொழில் அது. உச்சி வெயிலில் இந்த வீடுகளை எடுக்காதீர்கள். முற்றம் வெள்ளைவெளேரென்று எரியும், சுற்றியிருக்கிற தாழ்வாரம் கருப்பாகிவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இருட்டைத் தூக்கி வெளிச்சத்தை இறக்கினால், தேக்குத் தூண் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். காலையில் வெயில் முற்றத்தில் இறங்குவதற்கு முன்னால் போங்கள், இல்லையென்றால் மேகம் மூடிய நாளில் போங்கள். கேமராவை ஸ்டாண்டில் போட்டு, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) குறைத்து, ஷட்டரை ஒன்று இரண்டு வினாடி திறந்து வையுங்கள். வீட்டில் ஆள் இல்லை, எதுவும் அசையப்போவதில்லை. கேமராவை மேலே அண்ணாந்து பிடிக்காமல் மட்டமாகப் பிடியுங்கள், தூண்கள் நேராக நிற்கும். முன்வாசலில் நின்றால் வளவு, இரண்டாங்கட்டு, பின்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி கட்டியிருப்பார்கள். சில வீடுகளில் அது இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரை. அந்தக் கோட்டை முன்னாலிருந்து ஒரு படமும் பின்னாலிருந்து ஒரு படமும் எடுத்தால், வீட்டின் வரைபடத்தில் பாதி வந்துவிடும்.

நாங்கள் யாஷிகாவில் எடுத்த காலத்தில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான். எங்கே நிற்பது என்று யோசித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவோம். இன்று கணக்கே இல்லாமல் எடுக்கலாம். அது பெரிய வரம். அந்த வரத்தை ஒரே தூணை நூறு விதமாக எடுக்கச் செலவழிக்காமல், நூறு இடத்துக்கு ஒவ்வொன்றாகச் செலவழிக்கலாமே.

வீட்டில் படிக்க வேண்டியவை எத்தனையோ இருக்கின்றன. முகப்பில் கஜலட்சுமிக்குக் கீழே அந்தக் குடும்பத்தின் விலாசத்தை இனிஷியல்களாக வைத்திருப்பார்கள். விலாசம் என்றால் இங்கே முகவரி இல்லை, ஊரில் அந்த வீட்டுக்குப் பெயரே அதுதான். அதை எடுக்காத படம் அட்டை கிழிந்த புத்தகம் மாதிரி. இரும்பு உத்தரத்தில் இங்கிலாந்து ஆலையின் பெயர் எழும்பியிருக்கலாம், அண்ணாந்து பாருங்கள். கழன்று விழுந்த சீமை ஓட்டைத் திருப்பினால் கம்பெனி முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதற்கப்புறம் எத்தனையோ கம்பெனிகள் வந்தன. எந்தக் கூரைக்கு எங்கிருந்து ஓடு வந்தது என்று ஒரு படம் சொல்லிவிடும். ஆனால் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள், பைக்குள் போடாதீர்கள்.

சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டுப் பூச்சு கண்ணாடி மாதிரி வழுக்கும். சுண்ணாம்பு, கிளிஞ்சல் பொடி, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று சேர்த்து அரைத்து, பல அடுக்காகப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு அது. நன்றாக இருக்கிற சுவரில் இந்த அடுக்குகள் தெரியாது. உடைந்த மூலையில்தான் தெரியும். கீழே செங்கல், அதன் மேல் கரடான காரை, அதற்கு மேல் கொஞ்சம் நைசானது, கடைசியில் பால் வெள்ளையாக ஒரு மெல்லிய தோல். பாழடைந்த வீடு கற்றுக்கொடுக்கிற பாடம் இப்படிப்பட்டது. உடைந்த மூலையில் ஒரு ஸ்கேலை வைத்துக் கிட்டத்தில் எடுத்தீர்களானால், இன்றைக்கு இந்தப் பூச்சு வேலை கற்கிற ஒரு கொத்தனாருக்கு அந்தப் படம் பயன்படும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையும் அப்படியே எடுக்கலாம். ஈரத்துணியால் ஒரு கட்டத்தை மட்டும் துடைத்தால் போதும், வண்ணம் மேலே எழுந்து வரும். கண்ணாடி மேல் அச்சு வைத்து, வண்ண சிமெண்டை ஊற்றி, கையால் செய்கிற அந்தக் கல்லை ஆத்தங்குடியில் இன்றும் செய்கிறார்கள். பழைய அச்சு எத்தனையோ தொலைந்துபோயிருக்கும். தரையில் இருக்கிற டிசைன்தான் அதற்கு மிச்சம்.

என்னைச் சங்கடப்படுத்துகிற ஒன்று இருக்கிறது. சிலர் வீட்டில் இல்லாததைக் கொண்டுபோய் வைத்து எடுக்கிறார்கள். அரிக்கேன் விளக்கு, உடைந்த பொம்மை, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண், புகை. ஒரு வீட்டு வளவில் காய்ந்த சருகை மூட்டையில் கொண்டுவந்து கொட்டிவிட்டு அப்படியே போயிருந்தார்கள். பூஜை அறை வாசல் அது. கேமராவுக்கு அது வெறும் கதவு. அந்த வீட்டு மக்களுக்கு, வருஷத்துக்கு ஒருமுறை வந்தாலும், செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற இடம். முன்னோருக்குப் படைக்கிற வீடு எத்தனை சிதைந்திருந்தாலும், படைப்புக்குச் சிங்கப்பூரிலிருந்துகூட வருகிறார்கள்.

ஒரு பெரிய வீட்டுக்குச் சாவி வைத்திருக்கும் ஆச்சி ஒருவர், எதிர்ச்சாரியில் சின்ன வீட்டில் இருக்கிறார். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கப் போனேன்.

"எடுத்துக்கங்க தம்பி, எங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க. ஆனா பேய் வீடுன்னு மட்டும் போட்டுறாதீக."

"நான் ஏன் ஆச்சி அப்படிப் போடப் போறேன்?"

"போன தடவ வந்த பயலுக போட்டுட்டானுக. எங்க அயித்தை இருந்தவரைக்கும் வெள்ளி செவ்வாய் கோலம் இல்லாத நாளு கிடையாது இந்த வாசலுக்கு. இப்பப் பேரப்புள்ளைக செல்லுல அதப் பாத்துட்டு, உள்ள வர மாட்டேங்குதுக. ராத்திரி இங்க தங்குனா அழுகுதுக. நாளைக்கு இந்த வீட்டுக்கு ஓடு மாத்தப்போறது அந்தப் பிள்ளைகதானே தம்பி?"

இதற்கு மேல் நான் என்ன எழுதிவிட முடியும்? ஒரு தலைப்பு அந்தக் குழந்தைகளை அவர்கள் பாட்டன் வீட்டிலிருந்து விரட்டிவிட்டது. பிறகு ஆச்சியே சாவியை எடுத்துக்கொண்டு கூட வந்தார். இது யார் இருந்த அறை, இந்தத் தூணடியில் யார் உட்கார்ந்து கணக்கு எழுதுவார், முற்றத்துக் கூடல்வாய்க்குக் கீழே மழைத் தண்ணீர் பிடிக்க எந்த அண்டா வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். கேட்காமல் சுவர் ஏறிக் குதித்திருந்தால் எனக்கு ஒரு தூண் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். சுவர் ஏறுவது உயிருக்கும் ஆபத்து. மாடியில் பலகை உளுத்திருக்கும், புதரில் பாம்பு இருக்கும், பின்கட்டில் மூடாத கிணறு இருக்கும். தனியாகப் போகவே போகாதீர்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் சிக்கலானது. ஊர்ப் பெயரைப் போடவில்லை என்று மேலே குறை சொன்னேன். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மேப்பில் புள்ளி வைத்து, இதோ இங்கே இருக்கிறது என்று போடுவதையும் நான் ஏற்க மாட்டேன். பழைய தூணுக்கும் வாசல் நிலைக்கும் என்ன விலை என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய சாமான் கடைகளில், முறையாக விலை கொடுத்து வாங்கிய கதவும் தூணும் நிறைய உண்டு. ஊரை விட்டுப் போனவர்களே விற்றவை அவை, அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் இரவோடு இரவாகக் கடப்பாரை போட்டு நிலையைப் பெயர்த்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. மேலிருந்த கஜலட்சுமி, யானை, கிளி எல்லாம் போய்விட்டது. நூறு வயது தாண்டிய கலைப்பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று 1972 சட்டம் சொல்கிறது. பக்கத்து மாநிலத்துப் பண்ணை வீட்டுக்குப் போவதை அது என்ன செய்யும்?

எனவே என் யோசனை இது. பொதுவில் போடும் படத்தில் வட்டாரம் போதும்: 'திருப்பத்தூர் வட்டம், செட்டிநாட்டு வீடு, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கம்' என்கிற அளவில். செல்போன் படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற இடக்குறிப்பை அனுப்பும்போது எடுத்துவிடுங்கள். முழு விவரம், அதாவது ஊர், தெரு, விலாசம், எந்தத் திசை பார்த்த வீடு, எடுத்த தேதி, எந்தப் படம் எந்தக் கட்டு என்பதெல்லாம் எழுதி, அசல் கோப்போடு வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுங்கள். நிலை காணாமல் போனால் போலீசில் காட்ட அவர்களிடம் ஒரு படமாவது இருக்கும். பங்காளிகளுக்குள் வழக்கு என்றாலும், வீட்டைப் பழுது பார்ப்பது என்றாலும் அதுதான் உதவும். தூண் விழுந்த பிறகு, அதன் தலையில் இருந்த போதிகையில் என்ன செதுக்கியிருந்தது என்று ஆசாரிக்கு யார் சொல்வது?

இப்படிப் பதிந்து வைப்பது நமக்குப் புதிதில்லை. லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி 1858இல் மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் மாட்டுவண்டியில் பெரிய கேமராவை ஏற்றிக்கொண்டு வந்தார். மெழுகு பூசிய காகித நெகட்டிவில் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலில் கோபுரத்தோடு நிற்கவில்லை. அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டை வரிசையாக நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த மனுஷர், எழுத்து படிக்கும்படி விழ வேண்டும் என்பதில் குறியாக இருந்தார். அவ்வளவு பாரம் தூக்காமல் நம்மால் இன்று செய்ய முடியும்.

எங்கள் ஊர்ப்பக்கமே ஒருவர் இருந்தார், கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் சேர்த்து வைத்த பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக 1994இல் நிறுவப்பட்டது. இன்று தமிழில் எதை ஆராய்கிறவரும் அந்த வாசல் ஏறாமல் இருப்பதில்லை. காகிதத்துக்கு அவர் ஒருவர் கிடைத்தார். வீடுகளுக்கும் அப்படி ஆட்கள் வேண்டும். 2014இல் செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பதால் கூடல்வாய் ஒழுகாமல் இருந்துவிடாது.

பெரிய வீடுகளை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்த வீடுகளுக்குக் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், ஆசாரிகள், குயவர்களான வேளார்கள் இருந்த வீடுகளும் பக்கத்திலேயே பாழடைந்து கிடக்கின்றன. மண் சுவர், நாட்டு ஓடு, பனஞ்சட்டம், குனிந்து நுழைகிற வாசல், ஒரு சின்னத் திண்ணை. அவற்றை யாரும் படம் எடுப்பதே இல்லை. முன்னதாக மறைவது இவைதான். தேக்கு வீடு விழ முப்பது மழை ஆகும் என்றால், மண் சுவர் கூரை போன இரண்டாம் மழையிலேயே கரைந்து மேடாகிவிடும். மண் சுவரில் கைவிரலால் பூசிய வரி அப்படியே தெரியும். நாட்டு ஓட்டை எப்படி ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்தும் மலர்த்தியும் அடுக்கியிருக்கிறார்கள், பனஞ்சட்டத்தை எதால் கட்டியிருக்கிறார்கள் என்று அறிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அரண்மனைக்கு ஒரு நாள் ஒதுக்கினால், இந்த வீடுகளுக்கும் ஒரு காலை நேரமாவது ஒதுக்குங்கள் என்று இளைஞர்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் கேட்பது மூன்று. வாசகர் படம் அனுப்பும்போது, வீட்டுக்காரரிடமோ சாவி வைத்திருப்பவரிடமோ கேட்டு எடுத்ததா என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பேய், பிசாசு, மர்மம் என்ற சொற்களைப் பழைய வீட்டுப் படத்துக்குக் கீழே போடாதீர்கள். படத்தோடு அந்த வீட்டைப் பற்றி அங்கே யாரிடமாவது கேட்டு எழுதிய நாலு வரியையும் சேர்த்து வெளியிடுங்கள், படம் கொஞ்சம் சிறிதானாலும் பரவாயில்லை. இடம் இருந்தால் வாரம் ஒரு வீடு என்று தொடங்குங்கள். செட்டிநாட்டு வீடோ, கொங்கு நாட்டுத் தொட்டிக்கட்டோ, தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகார வீடோ, மறவர் சீமை மண் வீடோ, எல்லாம் வரட்டும். முதல் வாரங்களுக்கு என்னிடம் உள்ள கல்யாண நெகட்டிவ்களில் வீடு தெரிகிறவற்றைப் பிரதி எடுத்து, அந்தந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொண்டு, காசு எதுவும் வாங்காமல் தருகிறேன். விளக்கும் ஆட்களும் நிறைந்த வளவு அவற்றில் இருக்கிறது. அதே இடத்தில் நின்று இன்று எடுத்த படத்தைப் பக்கத்தில் போடலாம்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் அறிவிப்புப் போட்டால், இந்த மழையில் விழப்போகிற கூரைகளில் சிலவற்றையாவது நிற்கும்போதே எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோ போட்டோகிராபர்,
காரைக்குடி.